நிரப்பாத இரண்டு கட்டங்கள்

அலுவலகத்தில் எனக்குக் காது என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை. ஆனால் காது என்று பெயர் வைத்துவிட்டு, அது அவளுக்குக் கேட்காது என்று நினைக்கிற புத்திசாலிகளை என்ன சொல்ல? பத்தொன்பது வருடமாக ஹெட்போன் மாட்டிக்கொண்டு மற்றவர்கள் பேசியதைக் கேட்டு எழுதுவதுதான் என் பிழைப்பு. டயர் கடைக்கு மேலே மூன்றாவது மாடி. இரண்டு அறை, நடுவில் கண்ணாடி. அந்தப் பக்கம் சுவரெல்லாம் பஞ்சு வைத்து அடைத்த ஒலிப்பதிவு அறை. இந்தப் பக்கம் நானும் என் மெஷினும், முதலாளியும் அவருடைய டீ பிளாஸ்க்கும்.

ஒரு நாள் முதலாளி ஒரு பட்டியலைக் கொண்டுவந்து என் மேஜையில் போட்டார். இருநூறு சொற்கள். கை, கால், தண்ணீர், அம்மா, நான், நீ, நேற்று, எப்போது என்று எல்லாம் அன்றாடச் சொற்கள். பக்கத்தில் இரண்டு பத்தி. ஒன்றுக்குத் தலைப்பு ஒடியா, மற்றதற்குப் பெலருசியம்.

"ஏன் சார், உலகத்துல வேற மொழியே கிடைக்கலையா?" என்று கேட்டேன்.

"ரெண்டும் ஒரே குடும்பத்துல பொறந்ததும்மா. ஒண்ணு இந்தக் கோடிக்குப் போயிடுச்சு, இன்னொண்ணு அந்தக் கோடிக்கு. நடுவுல இருக்கற சொந்தக்காரங்களை எல்லாம் விட்டுட்டு இவங்க ரெண்டு பேரை மட்டும் பக்கத்துல உட்கார வைச்சா என்ன பேசிக்குவாங்கன்னு ஒருத்தர் புத்தகம் போடறாரு."

"ஆயிரக்கணக்கான வருஷமா முகம் பார்க்காத சொந்தக்காரங்க என்னத்தைப் பேசிக்குவாங்க? நல்லா இருக்கியான்னு கேட்டுட்டு செருப்பைத் தேடுவாங்க."

முதலாளி சிரித்தார். எனக்கு எரிச்சல்தான். தெரியாத மொழியைக் காதால் பிடித்து எழுதுவது லேசான வேலை இல்லை.

ஒடியா சொல்ல வந்தவர் கப்பல் பட்டறையில் வெல்டர். ஐம்பது வயதைத் தாண்டியவர், கையெல்லாம் தீப்பொறி பட்ட பொட்டுப் பொட்டான வடுக்கள். திங்கட்கிழமை காலையில் வருவார். பெலருசியம் சொல்ல ஆள் கிடைக்காமல் முதலாளி தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தபோது, இந்த வெல்டர்தான் ஒரு துண்டுத் தாளில் மனப்பாடமாக ஒரு தொலைபேசி எண்ணை எழுதிக்கொடுத்தார். யார் என்று சொல்லவில்லை. அந்த எண்ணிலிருந்து வந்தவள் பல் செட் செய்யும் பட்டறையில் வேலை பார்க்கிறவள். நகத்தடியில் எப்போதும் வெள்ளையாக மாவு ஒட்டியிருக்கும். அவளுக்கு வியாழக்கிழமை மதியம். மனதுக்குள் அவளைப் பல்லம்மா என்று கூப்பிட்டுக்கொண்டேன். இருவருக்கும் இந்த ஊரில் இருபத்தைந்து வருடத்துக்கு மேல் ஆகிறது. தமிழ் தண்ணீர் பட்ட பாடு.

வேலை இப்படி: நான் தமிழில் சொல்லைச் சொல்வேன், அவர்கள் தங்கள் மொழியில் மூன்று முறை சொல்வார்கள், நான் எழுதிக்கொள்வேன். எழுத எழுத எனக்கே கொஞ்சம் ருசி தட்டியது. பகல் என்றால் அவர் தினொ என்றார். அவள் சொன்னது நம் எழுத்துக்கு அடங்காது, த்ஸென் என்று எழுதினால் பக்கத்தில் வரும். தேனுக்கு அவர் மஹு, அவள் மியோத். புதியதற்கு நூஆ, நோவி. 'கொடு' என்றால் தே, தாய். என் அம்மா என்பதற்கு அவர் மோ மா என்றார், அவள் மாயா மாத்ஸி என்றாள். இரண்டு கோடியிலும் 'ம' மட்டும் அசையாமல் அப்படியே உட்கார்ந்திருந்தது.

மற்றபடி ஏழாம் பொருத்தம். ஒடியாவில் அகரமெல்லாம் வாயைக் குவித்து ஒகரமாகிவிடும், பெலருசியத்தில் அழுத்தம் விழாத ஒகரமெல்லாம் வாயைத் திறந்து அகரமாகிவிடும். தண்ணீர் இவருக்குப் பாணி, அவளுக்கு வதா. ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை.

மூன்றாவது வாரம் திங்கட்கிழமை, நூற்று முப்பத்தோராவது சொல்லில் வண்டி நின்றது.

"நேற்று," என்றேன்.

வெல்டர் மைக்கைப் பார்த்தார். உதட்டை மூடிக்கொண்டார்.

"நேத்துங்க. உங்க மொழியில?"

"அது வேண்டாம் மேடம். அடுத்தது போங்க."

மறந்துவிட்டது போலிருக்கிறது என்று கட்டத்தை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போனேன். அந்த வாரம் வியாழக்கிழமை பல்லம்மாவிடம் 'எப்போது' என்று கேட்டேன். அவள் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்து நின்றாள்.

"அதை எழுதாம விட்டுடுங்க," என்றாள். பிறகு உட்கார்ந்து, அடுத்த சொல்லை ஒழுங்காகச் சொன்னாள்.

தாய்மொழியில் நேற்று என்பதை மறந்த ஒருவர், எப்போது என்பதை மறந்த ஒருத்தி. யாரிடம் காது குத்துகிறார்கள்? அன்றைக்கே இரண்டு பதிவையும் எடுத்து, அவர்கள் மறுத்த இடத்தை ஒலியைக் கூட்டிக் கேட்டேன். 'வேண்டாம்' என்பதற்கு முன்னால் வெல்டரின் தொண்டையில் ஒரு சின்னச் சத்தம் இருந்தது. 'க்'. வந்த சொல்லை வாசலிலேயே பிடித்து விழுங்கிய சத்தம். பல்லம்மாவின் பதிவிலும், நாற்காலி நகர்வதற்கு முன்னால், அதே 'க்'.

அகராதிகளை எடுத்தேன். ஒடியாவில் நேற்று என்பதற்குச் சொல்: காலி. நாளை என்பதற்கும் அதே சொல்தானாம், இடம் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும். பெலருசியத்தில் எப்போது என்பதற்குச் சொல்: கலி. கடைசி எழுத்தில் அழுத்தம் விழ, கலீ என்று நீட்டினாற்போல் வரும். அவசரத்தில் சொன்னால் காலி என்றே காதில் விழும். பட்டியலில் இரண்டும் வெவ்வேறு வரிசையில் இருந்ததால் பக்கத்துப் பக்கத்தில் வரவே இல்லை. வாயில் மட்டும் ஒரே சொல்.

அடுத்த திங்கட்கிழமை வெல்டர் வந்ததும், மைக்கைப் போடாமலே எதிரில் உட்கார்ந்தேன். மூக்கை நுழைக்கிறேன் என்று தெரியும். நுழைத்தேன்.

"காலி," என்றேன். "இந்தச் சொல்லைத்தானே முழுங்கினீங்க? அவங்களும் இதைத்தான் முழுங்கினாங்க."

அவர் உள்ளங்கை வடுவைத் தேய்த்தார்.

"எங்க பொண்ணு மேடம்," என்றார். "நாலரை வயசு. கடைசியா சொன்ன சொல் அது."

"எங்கன்னா?"

"எனக்கும் வியாழக்கிழமை வர்றவங்களுக்கும் பொறந்தவ."

அவர்கள் கணவன் மனைவியாக இருந்தவர்கள். அவர் மொழி அவளுக்கு வராது, அவள் மொழி அவருக்கு வராது. காதலித்ததும் தமிழில், பிறகு சண்டை போட்டதும் தமிழில். பிள்ளை பிறந்ததும் ஒரு சட்டம் போட்டுக்கொண்டார்களாம்: பிள்ளையிடம் அவர் ஒடியாவில் மட்டும் பேசுவது, அவள் பெலருசியத்தில் மட்டும் பேசுவது. தமிழ் வேண்டாம்.

"ரெண்டையும் முதல்ல காப்பாத்திக் குடுத்துடணும்னு நெனைச்சோம். தமிழ் எங்க போயிடும், தெருவுல இறங்கினா தானா வந்துடப்போகுது. பள்ளிக்கூடம் போறப்ப பாத்துக்கலாம்னு இருந்தோம். பள்ளிக்கூடம் வரைக்கும் போகல."

காய்ச்சல். ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள். ஒன்பதாம் நாள் மதியம், வெளிநாட்டிலிருந்த தன் அண்ணனுக்கு அனுப்புவதற்காகப் பிள்ளையின் குரலைக் கேசட்டில் பதிந்துகொண்டிருந்தாராம். அவள் ஒரே ஒரு சொல்தான் சொன்னாள். அன்று சாயங்காலம் போய்விட்டாள். பதினெட்டு வருடம் ஆகிறது.

"எட்டு நாளும் நாளைக்கு வீட்டுக்குப் போயிடலாம், நாளைக்குப் போயிடலாம்னு ஏமாத்தினேன் மேடம். காலி, காலின்னு. ஒன்பதாம் நாள் அவளே முந்திக்கிட்டா. 'நாளைக்குத்தானே'ன்னு எனக்கே சொல்லிக் காட்டினா." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஆனா அவங்க அப்படி இல்லேங்கறாங்க. உங்களுக்குக் காது நல்லா இருக்குன்னு முதலாளி சொன்னார். நீங்க கேட்டு சொல்லுங்க. அது என் மொழியா, அவங்க மொழியா?"

பையிலிருந்து ஒரு கேசட்டை எடுத்து வைத்தார். மெஷினில் எண் முன்னூற்றுப் பன்னிரண்டில் அந்தச் சொல் வரும், அதற்கு மேல் வெறும் இரைச்சலாகத்தான் இருக்கும் என்றார். அவர் அதற்கு மேல் கேட்டதில்லை. சொல்லுக்குப் பிறகு அவருடைய சொந்தக் குரல் வரும், அதை அவரால் தாங்க முடியாது.

வியாழக்கிழமை பல்லம்மா உள்ளே வந்ததுமே என் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடித்துவிட்டாள்.

"கேசட்டைக் குடுத்துட்டாரா?" என்றாள். "அவ என்னைத்தான் கேட்டா. வீட்டுக்கு எப்போன்னு கேட்டா. நான் சீக்கிரம், சீக்கிரம்னு எங்க மொழியில சொன்னேன். அவர் என்ன சொன்னார் தெரியுமா? நேத்துன்னார். சாகப்போற குழந்தை எப்போன்னு கேக்குது, அப்பன் நேத்துங்கறார்."

"அதுக்கு நாளைன்னும் அர்த்தம் உண்டும்மா."

"தெரியும். அப்பவே தெரியும். மனசு ஒத்துக்கல." அவள் கைப்பையின் வாரைச் சுற்றிச் சுற்றிப் பிடித்தாள். "அவளுக்குப் பதில் கிடைக்காமலே போயிட்டா. அதுதான் எனக்கு. கேள்வி கேட்டுட்டுப் போயிட்டா."

அந்தச் சொல் நாளையாக இருந்தால் அவருக்கு நரகம், எப்போது என்றால் இவளுக்கு நரகம். இருவருமே தங்களுக்கு எது நரகமோ அதைத்தான் சரி என்று பிடிவாதம் பிடித்தார்கள். மற்றவருக்கு விட்டுக்கொடுத்தால் பிள்ளையின் கடைசிப் பேச்சு தன்னிடம் இல்லை என்றாகிவிடும். இப்படி ஒரு சண்டையை நான் பார்த்ததில்லை.

முன்னூற்றுப் பன்னிரண்டிலிருந்து ஐந்து வினாடியை மட்டும் வெட்டி என் மெஷினில் ஏற்றினேன். முதலில் டங் என்று ஏதோ இரும்பில் இடிக்கிற சத்தம். அடுத்து பிள்ளையின் குரல், காய்ச்சலில் வறண்டு, ஆனால் தெளிவாக: காலி. அப்பா, "காலி, காலி" என்கிறார். அம்மா, "ஹுத்கா, ஹுத்கா" என்கிறாள், அவள் மொழியில் சீக்கிரம். அவ்வளவுதான்.

அதை எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று கணக்கு வைக்கவில்லை. அழுத்தம் கடைசியில் விழுந்தால் அம்மா பக்கம். விழவில்லை. சரி, அப்பா பக்கமா? அப்படியும் அடித்துச் சொல்ல முடியவில்லை. அவர் பட்டியலில் சொன்ன சொற்களில் ஒரு குழைவு உண்டு, இதில் அது இல்லை. கேள்வியின் ஏற்றமும் இல்லை, குற்றம் சொல்லும் இறக்கமும் இல்லை. வெறுமனே தகவல் சொல்கிற குரல். எதைப் பற்றிய தகவல்?

நான் பயந்தாங்கொள்ளி இல்லை. கொலை வழக்கு வாக்குமூலங்களைக் கேட்டு எழுதிவிட்டு நிம்மதியாகச் சாப்பிட்டவள். ஆனால் அந்த வாரம் பயந்தேன். ஹெட்போனைக் கழற்றிய பிறகும் குரல் நிற்கவில்லை. பட்டப்பகலில் பஸ் படியில் ஏறும்போது முதுகுக்குப் பின்னால் கேட்டது. குழாயை மூடினால் கடைசிச் சொட்டு அந்தச் சொல்லைச் சொல்லியது. வேலை செய்துகொண்டிருக்கும்போது முழங்கை உயரத்தில் யாரோ வந்து நின்று, நான் திரும்பிப் பார்ப்பேன் என்று காத்திருப்பது போல இருக்கும். திரும்பினால் பஞ்சு வைத்த சுவர். எதையோ கேட்டுவிட்டு நிற்கிறாள், பெரியவர்கள் எல்லாரும் வேறு எதற்கோ பதில் சொல்கிறார்கள், நானும் அந்தக் கும்பலில் ஒருத்தி என்று தோன்றியது. ஒரு தடவை என்னையறியாமல், "என்னடா கண்ணு?" என்று கேட்டுவிட்டேன். முதலாளி அந்தப் பக்கத்திலிருந்து எட்டிப்பார்த்தார்.

"உடம்பு சரியில்லையாம்மா?"

"எனக்கென்ன, குத்துக்கல்லாட்டம் இருக்கேன்," என்று எரிந்து விழுந்தேன்.

அன்று சாயங்காலம் நான்கு மணி. முதலாளி வழக்கம்போலப் பிளாஸ்க்கை எடுத்தார். என் காதருகே ஆட்டினார். கவிழ்த்துப் பார்த்தார்.

"காலி," என்றார்.

பத்தொன்பது வருடமாகத் தினமும் நான்கு மணிக்கு நான் கேட்கிற சொல்.

இதைப் படிக்கிற உங்களுக்கு முதலிலேயே தெரிந்திருக்கும். என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டுகூட இருந்திருப்பீர்கள். என்ன செய்ய? இரண்டு பத்தி போட்ட தாளை எதிரில் வைத்துக்கொண்டு, இதுவா அதுவா என்று கேட்கக் கேட்க, நான் பிறந்த நாளிலிருந்து பேசுகிற மொழி எனக்கே கேட்காமல் போய்விட்டது. காதாம் காது. அந்தப் பெயரை அன்றைக்கே கழற்றி வைத்திருக்க வேண்டும்.

அந்த ஐந்து வினாடியை மறுபடி ஓட்டினேன். டங். கட்டில் கம்பியில் எவர்சில்வர் டம்ளர் இடிக்கிறது. தண்ணீர் நிறைந்த டம்ளர் மொத்தென்று சொல்லும். இது கணீரென்று சொன்னது.

ஆனால் பிள்ளைக்குத் தமிழ் தெரியாதே. சட்டம் போட்டு வளர்த்தார்களே. வெல்டருக்குப் போன் செய்து, பகலில் பிள்ளையை யார் பார்த்துக்கொண்டார்கள் என்று மட்டும் கேட்டேன். கீழ் வீட்டுத் தையல்காரம்மா என்றார். இன்னும் அதே வீட்டில்தான் இருக்கிறாளாம்.

சனிக்கிழமை காலையில் போனேன். கழுத்தில் அளவு டேப்போடு தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தவள், விஷயத்தைச் சொன்னதும் காலைப் பெடலிலிருந்து எடுத்துவிட்டாள்.

"வாங்கம்மா, உட்காருங்க," என்றாள். "அந்தப் பிள்ளையா? எங்கிட்ட தமிழ் மட்டும்தான் பேசும். படியில அப்பா அம்மா செருப்புச் சத்தம் கேட்டா டக்குனு வாயை மூடிக்கும். அவ்வளவு விவரம்."

"அவங்ககிட்ட நீங்க சொல்லலையா?"

"குழந்தைகிட்ட தமிழ் பேசாதீங்கன்னு சொல்லிச் சொல்லி விட்டுட்டுப் போவாங்க. எனக்கு வேற என்ன மொழி தெரியும்? ஊமை மாதிரி எப்படி வளக்கறது? சொன்னா அனுப்ப மாட்டாங்கன்னு பயந்து வாயைத் திறக்கல."

"தண்ணி வேணும்னா எப்படிக் கேக்கும்?"

அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வந்து, வந்த வேகத்திலேயே போனது. பக்கத்திலிருந்த டம்ளரை எடுத்து, மேஜையில் ஒரு தட்டுத் தட்டி, தலைகீழாகப் பிடித்துக் காட்டினாள். "காலி! இதுதான். தண்ணின்னே கேக்காது. தட்டிட்டு காலிங்கும், நான் ஊத்தணும். எங்களுக்குள்ள அது ஒரு விளையாட்டு."

பாணி என்று சொல்லியிருந்தால் அப்பாவுக்குப் புரிந்திருக்கும். வதா என்றிருந்தால் அம்மா ஓடிப்போய் எடுத்துவந்திருப்பாள். காய்ச்சல் மயக்கத்தில், எந்தச் சொல்லுக்கு எப்போதும் தண்ணீர் வந்ததோ அந்தச் சொல்லைச் சொல்லியிருக்கிறாள். ஒருவர் நாளைக்கு என்றார், ஒருத்தி சீக்கிரம் என்றாள்.

தெருவில் நடந்து வரும்போது அழுதேன். எவன் பார்த்தால் என்ன என்று அழுதேன்.

இதைப் போய் அவர்களிடம் எப்படிச் சொல்வது? அவர்களுடைய 'நாளை'யும் 'எப்போது'மாவது கொஞ்சம் கௌரவமான துக்கங்கள். அதைப் பிடுங்கிக்கொண்டு, உங்கள் பிள்ளை தாகத்தில் தண்ணீர் கேட்டது, நீங்கள் இருவரும் கொடுக்கவில்லை என்று சொல்வதா? அட்டவணையில் ஏதாவது ஒரு பக்கம் குறி போட்டுக் கை கழுவிவிடலாமா என்று யோசித்தேன். பிறகு, கேட்டதைக் கேட்டபடி எழுதாமல் ஒரு நாளும் இருந்ததில்லை என்பதால், முதலில் கேட்க வேண்டியதை முழுக்கக் கேட்போம் என்று முடிவு செய்தேன். அலுவலகத்துக்குப் போய்க் கேசட்டைப் போட்டேன். முன்னூற்றுப் பன்னிரண்டில் நிறுத்தவில்லை. ஓட விட்டேன்.

திங்கட்கிழமை இருவரையும் ஒரே நேரத்துக்கு வரச் சொன்னேன். முதலில் வந்த பல்லம்மா, வாசலில் வெல்டரைக் கண்டதும் திரும்பிப் போகப் பார்த்தாள். "பத்து நிமிஷம்," என்றேன். "பொண்ணுக்காக." ஒலிப்பதிவு அறையில் அந்த இரண்டு நாற்காலியிலும் உட்காரவைத்தேன். இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் மைக்கைப் பார்த்தார்கள்.

சுற்றி வளைக்கத் தெரியாது எனக்கு. டம்ளர், தையல்காரம்மா, காலி. எல்லாவற்றையும் சொன்னேன்.

யாரும் அழவில்லை. வெல்டர் தன் மடியைப் பார்த்துக்கொண்டே சொன்னார், "ஜன்னல்ல கூஜா இருந்துச்சு. கை நீட்டினா எடுத்திருக்கலாம்."

"தாகமா இருந்திருக்கா," என்றாள் பல்லம்மா. எனக்கும் இல்லை, அவருக்கும் இல்லை, சுவருக்குச் சொன்னாள். "தாகம். அவ்வளவுதானா?"

"இன்னும் இருக்கு," என்றேன். "நீங்க ரெண்டு பேரும் இதுக்கு மேல கேட்டதில்லை. ரெக்கார்டரை நிறுத்தாமயே வெளிய போயிருக்கீங்க."

"டாக்டர் கூப்பிட்டாங்க," என்றார் வெல்டர். "திரும்பி வர அரைமணி ஆச்சு."

ஓட விட்டேன். காலி. காலி, காலி. ஹுத்கா, ஹுத்கா. நாற்காலி நகர்கிறது, கதவு சாத்துகிறது. பிறகு வெறும் இரைச்சல். இருவரும் அந்த இரைச்சலில் மூச்சுவிடாமல் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். டங். மறுபடி டங். பிறகு கதவு. ஈரத் துணி பக்கெட்டில் விழுகிற சத்தம். இருமிக்கொண்டே ஒரு பெண் குரல்.

"என்னடா தங்கம், காலியா? அய்யோ, யாரும் ஊத்தலையா? இரு, இரு. மெதுவா. மேல சிந்துது பாரு. மெதுவா குடி."

விழுங்குகிற சத்தம் கேட்டது. நிறுத்தி, மூச்சு வாங்கி, மறுபடி விழுங்குகிற சத்தம்.

"இன்னும் வேணுமா?"

"போதும்," என்றது பிள்ளை.

பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு அந்தப் பெண் போகும் சத்தம். கேசட் அதற்குப் பிறகும் ஓடியது, அதில் ஒன்றுமில்லை. நிறுத்தினேன்.

பல்லம்மா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். பொத்திய கைக்குள்ளிருந்து, "குடிச்சிருக்கா," என்றாள். "போதும்னிருக்கா. வயிறார குடிச்சிருக்கா." அவள் தோள்கள் குலுங்கின. பதினெட்டு வருடம் தேக்கி வைத்திருந்ததை அவள் அழுது முடிக்கட்டும் என்று நான் எழுந்துகொள்ளப் பார்த்தேன். ஒரு நல்ல காரியம் செய்துவிட்டதாகக்கூட ஒரு கணம் நினைத்தேன்.

வெல்டரின் முகம்தான் சரியில்லை. வெளுத்துப்போயிருந்தது.

"அவங்களை எனக்குத் தெரியும்," என்றார். "வார்டு பெருக்கறவங்க. நாங்க திரும்பி வந்தப்ப தலகாணி, சட்டை எல்லாம் ஈரம். பொண்ணு தூங்கிட்டு இருந்தா. காய்ச்சல்ல கிடக்கற பிள்ளை மேல எவ தண்ணியைக் கொட்டினதுன்னு வராந்தாவுல நின்னு கத்தினேன். அவங்க பக்கெட்டோட அங்கேயே நின்னுட்டு இருந்தாங்க. ஒரு வார்த்தை பேசல. அத்தனை பேரு முன்னாடி கேக்கக்கூடாத கேள்வி எல்லாம் கேட்டேன்."

பல்லம்மா கையை எடுத்தாள். வந்ததிலிருந்து முதல் தடவையாக அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"நீங்க மட்டும் இல்ல," என்றாள். "நானும்தான் கத்தினேன். மறந்துட்டீங்களா? ரெண்டு பேரும் சேர்ந்துதான் கத்தினோம்."